ஒற்றை வயர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர் கரம்பொனில் யாரைக் கேட்டாலும் சொல்லத்தான் போகிறார்கள். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். வள்ளம் வரக் கொஞ்சம் பிந்தினால் பத்துத் தரம் வாசல் படலைக்கு ஓடுவேன். என் மனிசன் லியோன் எந்தக் காற்றுக்கும் கடலுக்குப் போகிறவர். அவருக்கு இப்படி ஒரு பெண்சாதி வாய்த்தது கடவுள் விட்ட பகிடி என்று என் அக்கா சூசையம்மா சொல்லுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் போகிற பயமாக இருந்தால் எப்போதோ போயிருக்கும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்குக் குவைத்திலிருந்து வந்த என் தம்பி மின்சாரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கிற ஒரு கறன்ற் கேத்தில் கொண்டுவந்து தந்தான். எங்கள் வீட்டில் அப்போது ஒரேயொரு பிளக் பொயின்ற்தான், அதுவும் முன்அறையில் றேடியோவுக்கு. சமைக்கிற குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியாக நின்றது. அங்கே வெளிச்சத்துக்கு அரிக்கன் லாம்புதான். தேத்தண்ணி வைக்க வேண்டுமென்றால் றேடியோவைக் கழற்றிவிட்டுக் கேத்திலைக் கொளுவி, கொதித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்க வேண்டும். கடலுக்குப் போக முதல் லியோன் றேடியோவில் காற்றுச் செய்தி கேட்பார். ஒரு விடியற்காலை அந்த நேரம் பார்த்து நான் றேடியோவைக் கழற்றிவிட்டேன்.

"இஞ்சாரும், தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் புயலுக்கை போய் விழவோ?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "குசினிக்கு ஒரு பிளக் போடுவம்."

அந்த வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வர மாதக் கணக்காகும். எங்கள் பக்கத்தில் கறன்ற் வேலை என்றால் கப்பல் பத்திநாதர்தான். பதினாலு வருசம் சரக்குக் கப்பலில் கறன்ற்காரனுக்குக் கைஉதவியாக நின்றுவிட்டு ஊரோடு வந்தவர். கடலில் வேலை செய்தவன் கையில் பிழை வராது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். ஒரு மேசன் சுவரைக் கோணலாகக் கட்டினால் சண்டைக்குப் போவார்கள், கப்பலில் இருந்து வந்தவன் எதைச் செய்தாலும் தலையாட்டுவார்கள்.

தை மாதம் வந்தார். மாரி மழை விட்ட நேரம், கிணறு முட்ட முட்ட நின்றது. குசினிச் சுவரோடுதான் எங்கள் கிணறு. அதன் சுற்றுக்கட்டில் லியோன் ஒரு கைப்பம்பு பூட்டியிருந்தார். பம்பின் இரும்புக் குழாய் கிணற்றின் உட்சுவரோடு இறங்கி அடித் தண்ணீருக்குள் போகும். பத்திநாதர் வீட்டிலிருந்து குசினிக்கு ஒரு வயரை இழுத்துப் பிளக்கின் ஒரு ஓட்டையில் கொளுவினார். மற்ற ஓட்டையிலிருந்து ஒரு முழத் துண்டு வயரைச் சுவருக்கு வெளியே எடுத்துப் பம்புக் குழாயில் இறுக்கிக் கட்டினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வயர் என்று எண்ணிப் பார்த்தேன்.

"அண்ணை, றேடியோவுக்கு ரெண்டு வயரெல்லோ போகுது. இதுக்கு ஒண்டுதானே இழுத்தனீங்கள்?"

"தங்கச்சி, கறன்ற் ஒரு வழியாலை வரவேணும், மற்ற வழியாலை போகவேணும். அவ்வளவுதான் சங்கதி. நான் நிண்ட கப்பல் முழுக்க ஒத்தை வயர்தான். வாறதுக்கு வயர், போறதுக்குக் கப்பலின்ரை இரும்பு உடம்பு. உங்களுக்கு இந்தக் குழாய் இருக்கு. கீழை உவர்த் தண்ணி. கறன்ற் அதுக்குள்ளை போய்க் கரைஞ்சிடும்."

"ஆரும் குழாயைத் தொட்டால்?"

"பதினாலு வருசம் இரும்புக் கப்பலுக்கை நடந்து திரிஞ்சனான். இஞ்சை பாரும், இருக்கிறன்தானே?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். லியோன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கேத்தில் கொதித்தது. அதுதான் உண்மை. குசினியில் நின்றபடியே சுவிச்சைப் போட, விறகும் புகையும் இல்லாமல் தண்ணீர் இரைந்து கொதித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அக்காவிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னேன். அடுத்த மாதமே அவளும் ஒரு கேத்தில் வாங்கிவிட்டாள், பத்திநாதர் அவள் வீட்டுக்கும் போய்வந்தார். அவள் வீட்டுக் கிணற்றிலும் கைப்பம்பு இருந்தது. அந்த நாட்களில் கைப்பம்பு வைப்பது எங்கள் ஊரில் ஒரு எடுப்பு.

பங்குனியில் ஒரு நாள், கேத்தில் கொதித்துக்கொண்டிருக்க, ஈரக்கையோடு பம்பின் பிடியைத் தொட்டேன். சுள்ளென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கேத்திலை நிற்பாட்டிவிட்டுத் தொட்டேன், ஒன்றும் இல்லை. மறுபடி போட்டுவிட்டுத் தொட்டேன், கடித்தது. லியோனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, மாக்கிறேற்."

எப்படித் தெரியும்? வலை வடம் இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கை பலகையாய்க் காய்த்திருந்தது. சுடுசட்டியையே துணி இல்லாமல் இறக்குகிறவர். நான் இதைச் சொன்னால் நம்பவேண்டுமே. அடுத்த நாள் கோயிலடியில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. லியோனின் பெண்சாதியைப் பம்பு கடிக்கிறதாம்! பெண்கள் என்னைக் கண்டால் கையை உதறிக்காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இறப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

அந்த வருடம் சித்திரை மழையும் இல்லை. வெயில் ஏற ஏறக் கிணற்றுத் தண்ணீர் கீழே போனது, பம்பின் கடி கூடிக்கொண்டு வந்தது. முதலில் எறும்பு, பிறகு தேள். ஆனியில் ஒரு தரம் தோள்மூட்டு வரைக்கும் இழுத்தது. அன்றைக்குக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கேத்திலும் முந்தி மாதிரி இல்லை, கொதிக்க நேரமெடுத்தது. பத்திநாதரை வழியில் மறித்துச் சொன்னேன்.

"கேத்திலுக்கை உப்புப் படிஞ்சிருக்கும், தங்கச்சி. பழப்புளி போட்டு விளக்கும்."

"பம்பு கடிக்கிறதுக்கும் பழப்புளியோ போடுறது?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவர் சிரித்துக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டார். நான் வந்து கேத்திலை விளக்கினேன். அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கேத்தில் போட்டிருக்கும்வரை இரும்பு எதையும் தொடுவதில்லை, பிள்ளைகளைக் கிணற்றடிக்கு விடுவதில்லை. அப்படியே ஆவணி வரை கொண்டுபோனேன்.

ஆவணியில் சோளகக் காற்று அடிக்கும், பெருங்கடலுக்குப் போக முடியாது. ஆம்பிளைகள் கரையில் நிற்கிற அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்தில் கிணறு இறைப்பது. தண்ணீர் முழுவதையும் இறைத்து, அடியில் கிடக்கிற சேற்றை அள்ளிவிட்டால் மாரித் தண்ணீர் சுத்தமாக நிற்கும். சுருவிலில் இருந்து மயில்வாகனம் தன்னுடைய இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசின், போட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. சேற்று வாளியைக் கயிற்றில் இழுக்கப் பத்திநாதர் வந்திருந்தார். லியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் உள்ள பொந்துகளில் கால்வைத்து இறங்கினார்.

பத்து மணிபோல எல்லாருக்கும் தேத்தண்ணி போடவேண்டும். கேத்திலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். கை சுவிச்சுக்குப் போகவில்லை. மயில்வாகனம் எண்ணெய் ஊற்ற மிசினை நிற்பாட்டிய நேரம் பார்த்து வெளியே வந்தேன்.

"அண்ணை, கிணத்துக்கை ஆள் நிக்கேக்கை கேத்திலைப் போடலாமோ?"

பத்திநாதர் பதில் சொல்ல முதல் கிணற்றுக்குள்ளிருந்து லியோனின் குரல் வந்தது. "போடும் போடும். கீழை நான் நிக்கிறன், மேலை உம்மடை பயம் நிக்கட்டும்!"

மூன்று ஆம்பிளைகளும் சிரித்தார்கள். முன்பின் தெரியாத மயில்வாகனமும் சிரித்தது எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. முகம் சுட்டது. என் பயத்துக்கு நான் வெட்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். குசினிக்குள் போய் சுவிச்சைப் போட்டேன். மிசின் மறுபடி இரையத் தொடங்கியது.

கோப்பைகளைக் கழுவினேன். சீனிப்போத்தலை எடுத்துவைத்தேன். முன்அறையில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது, மிசின் சத்தத்துக்கு ஊடாக அது விட்டுவிட்டுக் கேட்டது. தேயிலையைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். கேத்திலில் இரைச்சல் இல்லை, ஆவி இல்லை. புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன்.

கேத்தில் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

கறன்ற் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் றேடியோ பாடுகிறதே! கறன்ற் இருக்கிறது. வயரால் வருகிறது. கேத்திலுக்குள்ளும் வந்துவிட்டது. பிறகு ஏன் கொதிக்கவில்லை? பத்திநாதர் தை மாதம் இந்த இடத்தில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வழியால் வரவேண்டும், மற்ற வழியால் போகவேண்டும். போகிற வழி கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் காலையிலிருந்து மிசின் போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயின் அடி இப்போது தண்ணீரை விட்டு மேலே நிற்கும். போக வழியில்லாத கறன்ற் எங்கே நிற்கும்? குழாயில் நிற்கும். குழாய்க்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, ஈரச் சேற்றில் என் மனிசன் நிற்கிறார். சுவிச்சைப் போட்டது நான்.

சுவிச்சை நிற்பாட்டினேன். நிற்பாட்டியும் நம்பிக்கை வராமல் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். கிணற்றடிக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது, ஒரு கோப்பை உடைந்த சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. கிணற்றுக் கட்டில் குப்புற விழுந்து கீழே பார்த்தேன்.

லியோன் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். மிசின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அசையவில்லை. அந்தோனியாரே, நான் கொன்றுபோட்டேன், நானே கொன்றுபோட்டேன் என்று மட்டும் மனது சொல்லிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்ட கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டேன். கல் சேற்றில் விழுந்து தெறித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மயில்வாகனம் பயந்துபோய் மிசினை நிற்பாட்டினார்.

"என்னப்பா, தேத்தண்ணிக்குக் கல்லாலையோ எறிஞ்சு கூப்பிடுறது?" என்றார் லியோன். குழாயின் அடியில் அடைத்திருந்த சேற்றை நகத்தால் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கட்டிப்பிடிப்பு.

நான் வாயைத் திறந்தேன். எல்லாம் குழறிக்கொண்டு வந்தது. கேத்தில், குழாய், தண்ணீர் இல்லை, றேடியோ பாடுது என்று சொன்னேன். மயில்வாகனம் என்னைப் பார்த்தார், பிறகு பத்திநாதரைப் பார்த்துச் சிரித்தார். பத்திநாதர் சிரிக்கவில்லை.

"கேத்தில் சூடேறவே இல்லையோ, தங்கச்சி?"

"பச்சைத் தண்ணி, அண்ணை. தொட்டுப் பாத்தனான்."

அவர் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தார். குழாயின் அடி தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தெரிந்தது. அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். "லியோன், குழாயை விடு. கையைக் காலை அதிலை முட்டாமல், கயித்தைப் பிடிச்சு ஏறு. இப்பவே ஏறு," என்றார்.

லியோன் ஏறி வந்தார். பத்திநாதர் மடியில் இருந்த ரெஸ்ரரை எடுத்தார், முனையில் வைத்தால் கறன்ற் இருக்கிற இடத்தில் உள்ளே சின்ன விளக்கு எரியும் சாமான் அது. பிளக்கைக் கொளுவிச் சுவிச்சைப் போடும்படி என்னிடம் சொன்னார். நான் மாட்டேன் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே போய்ப் போட்டுவிட்டு வந்து, கையை எட்டி நீட்டி, ரெஸ்ரரைக் குழாயில் முட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்திநாதர் போய்ச் சுவிச்சை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, குறட்டால் குழாய் வயரை வெட்டினார்.

லியோன் நிலத்தில் இருந்துவிட்டார். சுருட்டை எடுத்து, பற்றவைக்காமலே வாயில் வைத்தார். "ரெண்டு தரம் குழாயைப் பிடிக்கப் போனனான், மாக்கிறேற். ரெண்டு தரமும் வாளி இறங்கி வந்து இடிச்சுது. அதாலை விட்டனான். இப்ப, நீர் வந்து எட்டிப் பாக்க ஒரு மூச்சுக்கு முன்னம்தான்…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்னும் கூடப் பயமாக இருந்தது.

பத்திநாதர் குறட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கப்பலிலை இரும்பு வத்துறேல்லை," என்றார் யாருக்கோ சொல்வதுபோல. "கிணறு வத்துமெண்டு நான் யோசிக்கேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை நாலு வார்த்தை பேச வாயைத் திறந்தேன். வாயில் வந்தது வேறு கேள்வி.

"அண்ணை, வேறை எத்தினை வீட்டிலை இப்பிடிப் போட்டனீங்கள்?"

அவர் விரலை மடக்கினார். "சுருவிலிலை ரெண்டு. ஊர்காத்துறையிலை ரெண்டு. என்ரை வீடு." ஐந்து விரலும் மடங்கிவிட்டது. அடுத்ததைச் சொல்ல அவர் என்னைப் பார்த்தார். சொல்லத் தேவையில்லை. ஆறாவது சூசையம்மா வீடு. நான் பெருமையடித்துப் போட வைத்த பிளக்.

"அங்கையொண்டும் கிணறு இறைக்கேல்லைத்தானே?" என்றார் லியோன்.

மயில்வாகனம்தான் பதில் சொன்னார். "இந்த வருசம் இறைக்கத் தேவையில்லை, அண்ணை. நான் போற இடமெல்லாம் கிணறு தானாய் வத்திக் கிடக்குது. நேற்றுச் சுருவிலிலை வாளி கல்லிலை இடிக்குது."

ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பத்திநாதர் தன் வீட்டுப் பக்கம் சைக்கிளை மிதித்தார். லியோன் சேற்றுச் சாரத்தோடு ஊர்காத்துறைக்குப் பறந்தார். மயில்வாகனம் மிசினைப் போட்ட இடத்தில் விட்டுவிட்டுச் சுருவிலுக்கு ஓடினார். அக்கா வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். நான் செருப்பும் இல்லாமல் ஓடினேன். நடு வெயில், மணல் சுட்டது. வேலிக்கு மேலால் யாரோ பார்த்து, "என்ன மாக்கிறேற், பம்பு துரத்திக் கலைக்குதோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா படலையடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரம் வந்தாய். எடியே, உந்தக் கேத்திலை ஒருக்கா வந்து பார். அப்போதையிலிருந்து போட்டு வைச்சிருக்கிறன், சூடேறுதில்லை."

"அத்தான் எங்கை?"

"பரவைக்கடலாலை இப்பதான் வந்தவர். பம்பிலை தண்ணி ஏறுதில்லை, கிணத்தடியிலை வாளியாலை அள்ளிக் குளிக்கிறார்."

அவளைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். சுவிச்சைத் தேடவில்லை. வயரோடு சேர்த்துப் பிளக்கைப் பிடித்து இழுத்தேன், பாதிச் சுவரும் சேர்ந்து வந்தது. கேத்தில் கவிழ்ந்து பச்சைத் தண்ணீர் காலில் ஊற்றியது. அங்கேயே நின்றேன். குசினி யன்னலைத் திறந்தால் கிணற்றடி தெரியும். திறக்க என்னால் ஏலவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். வாளிச் சத்தம் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இல்லை.

"உனக்கென்ன விசரோ?" என்று அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அத்தானைக் கூப்பிடு."

"எதுக்கடி?"

"கூப்பிடு!"

என் முகத்தைப் பார்த்து அவளும் பயந்துவிட்டாள். மீன் கையோடு வெளியே போய், "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். காற்று பனைகளில் அடிக்கிற சத்தம்தான் வந்தது. மூன்றாம் தரம் அவள் குரல் உடைந்துபோய் வந்தது.

"என்ன, என்ன? முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நிக்கிறவனைக் கத்திக் கொல்லுறாய்!"

நான் ஈர நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, என்ன நடந்தது, லியோனுக்கு என்ன, பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தானும் சவர்க்கார முகத்தோடு வாசலில் வந்து நின்றார். எல்லாரும் சுகம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இன்னும் ஐந்து வீட்டுச் செய்தி வரவில்லை.